ஊசிக்கு எத்தனை கிராம்?

திடீரென்று ஊரில் பத்துப் பேருக்கு ரிக்கார்டு கேட்கும் ஆசை வந்திருக்கிறது. சினிமாவில் கதாநாயகன் மழை பெய்கிற ஜன்னலோரம் உட்கார்ந்து, சுற்றுகிற கறுப்புத் தட்டின் மேல் ஊசியை வைத்துவிட்டுக் காபி குடிக்கிறான். அதைப் பார்த்துவிட்டு நம் ஆசாமிகள் பரணில் ஏறுகிறார்கள். அங்கே ஓட்டை அண்டா, காலொடிந்த நாற்காலி, கல்யாண ஆல்பம், எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன முப்பது நாற்பது ரிக்கார்டுகள். இறக்கித் துடைத்ததும் நேராக என்னிடம் வருகிறார்கள்: "அண்ணே, அஞ்சாயிரத்துக்குள்ள நல்லதா ஒரு பிளேயர் சொல்லுங்க."

நான் சங்கீத வித்வானும் இல்லை, எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரும் இல்லை. வெறும் பி.காம். எதையும் வரவு, செலவு, தேய்மானம் என்று மூன்று காலத்தில் எழுதிப் பார்க்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே முதல் கேள்வி: "உங்ககிட்ட ரிக்கார்டு இருக்கா?" இல்லை என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். புதிதாக அச்சாகி வருகிற எல்.பி. ஒன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறது. அதே பாட்டு போனில் சும்மா கிடைக்கிறது. அழகுக்காக வாங்குகிறேன் என்றால் சரி, அழகுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் ரிக்கார்டுகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சமாசாரம் வேறு. அப்போது பிளேயர் ஐயாயிரமா பத்தாயிரமா என்பது இரண்டாம் பட்சம். அந்த நாற்பது தட்டுகளும் பிழைக்குமா என்பதுதான் முதல் கணக்கு.

ராமநாதபுரம் சீமைக்கு அந்தத் தட்டுகள் வந்து சேர்ந்ததே தனிக் கதை. முக்கால்வாசி மைக்செட்காரர்களின் உபயம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், முளைப்பாரி எதுவானாலும் விடியற்காலை நாலு மணிக்குத் தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து ஊரையே எழுப்பிவிடுவார்கள். மத்தியானம் பந்தி முடிந்தால் 'திருவிளையாடல்' வசனத் தட்டு. படம் பார்க்காத கிழவிகளுக்கும் தருமி பேசுவது மனப்பாடம்!

இன்னொரு பங்கு இலங்கை வானொலியைச் சேரும். 1952-ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் 'ஆல் இண்டியா ரேடியோவில் சினிமாப் பாட்டா? சேச்சே' என்று ஒதுக்கிவிட, கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் அதையே தட்டில் வைத்துப் பரிமாறினார்கள். 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் நம் கரையில் கொழும்புக்குத்தான் மவுசு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர், அவ்வளவுதான். அதில் கேட்ட பாட்டை மறுபடி கேட்க வேண்டுமென்றால் ரிக்கார்டு வாங்கத்தான் வேண்டும்.

கீழக்கரைப் பக்கம் சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிளேயரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாகூர் ஹனீபா அதில் பாடினார். எண்பதுகளில் கேசட் வந்தது. எல்லாம் பரணுக்குப் போயிற்று.

நம் ஊர்ப் பெயரோடு உலகம் சுற்றிய ஒரு தட்டும் உண்டு. ராம்நாட் கிருஷ்ணன் (1918 - 1973) அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போனார். அங்கே நான்சச் என்ற கம்பெனி அவரைப் பாட வைத்து 'வித்வான்' என்று ஓர் எல்.பி. போட்டது. பிறகு 'கச்சேரி' என்று இன்னொன்று. நான்சச் 1964-ல் ஆரம்பித்த கம்பெனி. ஒரு பேப்பர்பேக் புத்தகம் விற்கிற விலையில் நல்ல சங்கீதத்தை விற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மலிவு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். கிருஷ்ணன் சபையை அதிர வைக்கிற ரகம் இல்லை. ஒரு ராகத்தை மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிற மாதிரி பாடுகிறவர். இந்த மாதிரித் தட்டை மட்டமான ஊசியில் போட்டால் ரகசியம் போய்விடும், இரைச்சல்தான் மிஞ்சும்.

என் நண்பர் ஒருவர் ராமநாதபுரத்தில் அரசாங்க ஆபீசில் இருக்கிறார். அவர் அப்பா கிராமத்தில் மைக்செட் வைத்திருந்தவர். செத்துப்போய்ப் பல வருஷமாகிறது. மிச்சம் இருந்தவை நாற்பத்து மூன்று தட்டுகள். அதில் ஒரு விசேஷம்: ஒவ்வொன்றின் லேபிளிலும் பேனாவால் எழுதியிருக்கிறார். 'பொண்ணு அழைப்பு.' 'தாலி கட்டினதும்.' 'பந்தி - ரெண்டாவது.' 'கரண்ட் வந்ததும் இது.' எந்த நேரத்தில் எதைப் போட வேண்டும் என்று கூட இருக்கிற பையனுக்குச் சொன்ன குறிப்பு. அவர் கையெழுத்தில் வீட்டில் இருப்பது இதுவும் ஒரு ரேஷன் கார்டு விண்ணப்பமும்தான்.

நண்பர், அம்மா ஆசைப்படுகிறாளே என்று, பார்க்க சூட்கேஸ் மாதிரி மடக்குகிற ஒரு பிளேயரை நாலாயிரத்துச் சொச்சத்துக்குத் தருவித்தார். மூடியைத் திறந்தால் பிளேயர், பக்கவாட்டில் அதுவே ஸ்பீக்கர். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தினம் சாயங்காலம் விளக்கேற்றினதும் 'பொண்ணு அழைப்பு'. ஒன்றரை மாதம் போயிருக்கும். "ஏம்ப்பா, பாட்டுல 'ச' வர்ற இடமெல்லாம் அப்பளம் பொரிக்கிற மாதிரி கேக்குதே, ஓங்கப்பா இருக்கையில இப்பிடி இல்லையே" என்றாள் அம்மா. "பழைய ரிக்கார்டும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் நண்பர். எனக்குச் சந்தேகம் தட்டியது. பிளேயரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் அரண்மனைப் பக்கம் தெரிந்த பத்தர் கடைக்குப் போனோம்.

பத்தர் சூட்கேஸைப் பார்த்ததும் பெரிய உருப்படி என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"நகை எங்க தம்பி?"

"நகை இல்லண்ணே, ஊசி. இதோட எடை பாக்கணும்."

ரிக்கார்டு இருக்கும் இடத்தில் அவருடைய சின்ன எலெக்ட்ரானிக் தராசை வைத்து, ஊசியை அதன் மேல் மெதுவாக இறக்கினோம். 6.2 கிராம்.

"முக்கா பவுனு தாண்டுதே. கல்லுக்குக் கழிக்கவா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஊசி முனையில் வாஸ்தவமாகவே கல்தான் இருக்கிறது! இந்த மலிவு சூட்கேஸ்களில் பெரும்பாலும் செயற்கை நீலக்கல். நல்ல பிளேயரில் வைரம். நீலக்கல் முனை சில பத்து மணி நேரத்தில் தேய ஆரம்பிக்கும். தேய்ந்த கல் ஊசியாக இருக்காது, உளியாகிவிடும். வைரம் சுமார் 500 மணியிலிருந்து 1,000 மணி வரை உழைக்கும்.

இனி எடை. நல்ல ஊசி ஒன்றரையிலிருந்து மூன்று கிராமுக்குள் அழுத்தும். பத்தர் பாஷையில் கால் பவுன், கொஞ்சம் முன்னே பின்னே. ஆறு கிராமெல்லாம் ஓர் எடையா என்று கேட்காதீர்கள். ஊசிமுனை பள்ளத்தைத் தொடுகிற இடம் தலைமுடியின் குறுக்களவைவிடப் பல மடங்கு சின்னது. அத்தனூண்டு இடத்தில் இரண்டு கிராமே, சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம். ஆறு கிராம் என்றால் ரோடு ரோலர். ஓர் எல்.பி.யின் ஒரு பக்கத்தில் பள்ளத்தின் நீளம் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தூரம் எப்படி என்று தெரியும். இருபது நிமிஷத்தில் ஊசி அவ்வளவு தூரம் உழுதுகொண்டு போகிறது. போதாததற்கு அந்த சூட்கேஸ்களில் இருப்பது பெரும்பாலும் செராமிக் ரகம், விறைப்பு ஜாஸ்தி. பள்ளம் வளைகிற இடத்தில் ஊசி வளைந்து கொடுக்காது. பள்ளம்தான் வளைந்து கொடுக்கும். முதலில் போவது 'ச'வும் ஜால்ராவும்.

மைக்செட்காரர்கள் இன்னொரு வேலை செய்வார்கள், உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தட்டு குதித்தால் ஊசித் தலையின் மேல் ஒரு நாலணாக் காசை வைத்துவிடுவார்கள். குதிப்பது நின்றுவிடும். ஸ்டீல் நாலணா 2.83 கிராம். 2011 ஜூனோடு அது செல்லாக்காசாகிவிட்டது, எடை மட்டும் இன்னும் செல்லுபடி. தயவு செய்து வைக்காதீர்கள். தட்டு குதிக்கிறது என்றால் அழுக்காக இருக்கிறது, கீறியிருக்கிறது, அல்லது பிளேயர் சமமாக உட்காரவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ், வைர ஊசி, மூன்று கிராமுக்கு மேற்படாத எடை, ஊசியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றும் வசதி. இந்த நாலும் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் 'ப்ளூடூத் இருக்கு சார், கலர் லைட் எரியும் சார்' என்று பேச்சை மாற்றினால் நீங்களும் கடையை மாற்றிவிடுங்கள். நாலும் இருக்கிறவற்றில் அடிமட்ட விலையில் நான் பார்த்தது ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் போன்ற பெல்ட் டிரைவ் பிளேயர்தான். பதினைந்தாயிரத்தை ஒட்டி விலை சொல்கிறார்கள், பண்டிகைத் தள்ளுபடியில் கொஞ்சம் குறையும். பட்டனைத் தட்டினால் கை தானே எழுந்துபோய் உட்காரும், பாட்டு முடிந்தால் தானே திரும்பும். இசைப் பிரியர்கள் 'ஆட்டோமேடிக்கா?' என்று மூக்கைச் சுளிப்பார்கள். வயசான அம்மா, துறுதுறுவென்று ஒரு குழந்தை, நடுவில் ஒரு ரிக்கார்டு இருக்கிற வீட்டில் அதைவிட உத்தமமான ஏற்பாடு கிடையாது. கை நடுங்கினாலும் ஊசி நடுங்காது.

அதில் 78 ஓடாது. 33, 45 மட்டும்தான். அரக்குத் தட்டுகள் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் போட்டு 78-ம் ஓடுகிற பிளேயரும், அதற்கென்று தனியாகத் தடித்த ஊசியும் வாங்க வேண்டும். எல்.பி. ஊசி 78-ன் அகலப் பள்ளத்தில் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். வீட்டில் இருப்பது நாலே நாலு 78 என்றால், வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு ஒரு கிலோ ஸ்வீட்டுடன் போய்க் கேட்டுவிட்டு வருவது சிக்கனம்.

இன்னொரு செலவு பலருக்குக் கடைசி நிமிஷத்தில்தான் தெரிகிறது. இந்த ஊசியிலிருந்து வருகிற மின்சாரம் நாலைந்து மில்லிவோல்ட். ஹோம் தியேட்டர் எதிர்பார்ப்பதில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. தவிர, ரிக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சுக் குரல்களைத் தூக்கி வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். எவ்வளவு குறைப்பது என்று 1954-ல் அமெரிக்காவில் ஒரு நியதி செய்தார்கள், உலகமே ஏற்றுக்கொண்டது. குறைத்ததைக் கூட்டித் தர போனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது இல்லாமல் நேராகச் செருகினால் டி.எம்.எஸ். கொசு மாதிரிப் பாடுவார். மேலே சொன்ன ரகத்தில் அது உள்ளேயே இருக்கிறது, பின்னால் 'லைன்' என்ற பக்கம் சுவிட்சைத் தள்ளினால் போதும். ஆம்ப்ளிபயரிலும் 'போனோ' என்று ஓட்டை இருந்தால் அங்கே செருகாதீர்கள். இரண்டு முறை பெருக்கிக் கர்ணகடூரமாக இரையும்.

இப்போது பட்ஜெட். கையில் இருபத்தைந்தாயிரம் என்று வையுங்கள். பிளேயருக்குப் பதினைந்து. ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கிற ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஏழு. மாற்று ஊசிக்கு இரண்டு. பிரஷ் வகையறாவுக்கு ஒன்று. ஸ்பீக்கரைப் பிளேயர் இருக்கும் அதே பெஞ்சில் வைக்கக் கூடாது. அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போய் ஊளையிடும். (சூட்கேஸில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்துகின்றன.) தேய்மானமும் பார்த்துவிடுவோம். இரண்டாயிரம் ரூபாய் ஊசி 500 மணி நேரம் உழைத்தால் மணிக்கு நாலு ரூபாய். டீ இதைவிட ஜாஸ்தி. தினம் ஒரு மணி கேட்டாலும் ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஓடும்.

நண்பருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பி.எஃப். லோன் வரைக்கும் யோசித்துவிட்டு, தீபாவளி போனஸில் வாங்கினார். நாற்பத்து மூன்றில் முப்பத்தைந்துக்கு மேல் தப்பித்துவிட்டது, சூட்கேஸில் அதிகம் போடாததால். 'பொண்ணு அழைப்பு' தப்பவில்லை. தினம் போட்டதாயிற்றே. நல்ல ஊசியில் போட்டாலும் அப்பளம் பொரிகிறது. தேய்ந்த பள்ளத்தை நிரப்ப உலகத்தில் ஒருவரும் இல்லை. அதே பாட்டு இருக்கிற வேறு தட்டு தேடினால் கிடைக்கும், அந்த லேபிள் எழுத்து கிடைக்காது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை உறையில் போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இப்போது 'தாலி கட்டினதும்' போட்டுக் கேட்கிறாள்.

பழைய பிளேயர் வீட்டிலேயே இருந்தால் புதுசு வாங்காமல் தப்பிக்க முடியுமா? சில சமயம் முடியும். கீழக்கரையில் ஒரு காக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் செட். கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார். ஆனால் போட்டால் சுசீலா, ஜலதோஷம் பிடித்த தம்பி குரலில் பாடுகிறார்! "ஊசி போயிருச்சா தம்பி?" என்று கேட்டார் காக்கா. ஊசி மேல் தப்பில்லை. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. பழைய பிளேயர்களில் சில மோட்டார்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் சுற்றும். அறுபதுக்குச் செய்தது ஐம்பதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடுகிற குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். மோட்டாரின் தலையிலிருக்கும் சின்னக் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால் சரியாகிவிடும். நல்ல லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். சிங்கப்பூர், துபாய் செட்டுகளுக்கு இந்த வம்பு இல்லை, அங்கேயும் 50. ஜப்பானில் தெருவில் வாங்கினது என்றால் 100 வோல்ட். நேராக நம் பிளக்கில் செருகினால் பாட்டு வராது, புகை வரும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கையில் வாட்சோடு உட்காருங்கள். 33-ல் மூன்று நிமிஷத்தில் சரியாக நூறு சுற்று வர வேண்டும். தொண்ணூற்றொன்பது, நூற்றொன்று என்றால் மன்னித்து விடலாம். எண்பத்து மூன்று வந்தால் அது சவூதி செட்!

கடைசியாக நம் கடல் காற்று. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பாம்பன் பாலத்துக்கே வருஷம் பூராவும் பெயின்ட் அடித்த ஊர் இது. ஊசித் தலைக்குப் பின்னாலிருக்கும் குட்டிக் கம்பிகளை உப்பு விட்டு வைக்குமா? பச்சைக் களிம்பு ஏறினால் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டுங்கள். அதே பஞ்சைத் தட்டுகளிடம் கொண்டுபோகாதீர்கள், முக்கியமாக 78 பக்கம். அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்தே போகும். தட்டுகளை அடுக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும். தகர ஷீட் வீட்டில் மேல் ஷெல்ப் ஆகாது, சித்திரை வெயிலில் எல்.பி. அப்பளமாக வளையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அப்போது கழுவ வேண்டியதுதான்.

எதில் கழுவுவது என்பதுதான் நமக்குப் பிரச்னை. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று ஆபீசர்கள் மிரட்டுவது நம் ஜில்லாவைச் சொல்லித்தானே! இருக்கிற கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. காய்ந்தால் பள்ளத்துக்குள் படிந்துவிடும், ஊசி அதையும் சேர்த்துப் பாடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். லேபிளில் படாமல், மெத்தென்ற துணியால், பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். பேட்டரிக் கடையில் கேன் கேனாகக் கிடைக்கிறது. போன வாரம் நானும் ஐந்து லிட்டர் வாங்கப் போனேன்.

"லாரிக்கா, ஆட்டோவுக்கா சார்?" என்றான் பையன்.

"டி.எம்.எஸ்.ஸுக்கு" என்றேன்.

"அந்த மாடல் இன்னும் ஓடுதா சார்?"